தும்மும் குழந்தைக்கு எதைப் பழக்குவது: உள்ளங்கையா, கைக்குட்டையா, முழங்கையா?

ஐப்பசி பிறந்து அடைமழை பிடித்துக்கொண்டால் தொடக்கப் பள்ளி வகுப்பறையில் பாடம் பாதி, இருமல் பாதி. இன்று ஒரு மூலையில் ஒரு பிள்ளை தும்மும். அடுத்த வாரம் அந்த வரிசையே மூக்கை உறிஞ்சிக்கொண்டிருக்கும். சிறு குழந்தைக்கு ஆண்டுக்கு ஆறு முதல் எட்டு முறை சளி பிடிப்பது இயல்புதான் என்று குழந்தை மருத்துவர்கள் சொல்கிறார்கள். இயல்பு என்று விட்டுவிட எனக்கு மனம் வருவதில்லை. அந்தச் சளி வகுப்போடு நிற்பதில்லை. வீட்டில் தொட்டிலில் கிடக்கும் தம்பிக்குப் போகிறது, இளைப்போடு மல்லுக்கட்டும் தாத்தாவுக்குப் போகிறது.

"இருமும்போது வாயை மூடு" என்று எல்லோரும் சொல்கிறோம். எதைக் கொண்டு மூடுவது என்பதில்தான் ஆளுக்கொரு பேச்சு. பாட்டி கையால் பொத்தச் சொல்கிறார். அம்மா சட்டையில் கைக்குட்டையைக் குத்தி அனுப்புகிறார். டாக்டர் முழங்கையைக் காட்டுகிறார். வெளிநாட்டிலிருந்து வந்த சித்தப்பா டிஷ்யூ பெட்டி வாங்கி வைக்கிறார். கொரோனாவுக்குப் பிறகு முகக்கவசமும் சேர்ந்துகொண்டது. ஐந்தையும் ஒரே மூச்சில் சொன்னால் ஐந்து வயதுக் குழந்தை ஒன்றையும் செய்யாது. ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதை முதலில் கைப்பழக்கமாக்கி, மற்றதை அதன் பின்னால் சேர்க்க வேண்டும். ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளோடு பல ஆண்டுகளாக இருப்பவள் நான். எதை முதலில் பழக்குவது என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. அதற்கான காரணங்களையும் சொல்கிறேன்.

கையால் பொத்துவது

இதன் பக்கம் உள்ள நியாயத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். தும்மல் சொல்லிக்கொண்டு வருவதில்லை. மூக்கில் குறுகுறுப்பு தொடங்கி அது வெடிப்பதற்குள் குழந்தைக்குக் கிடைப்பது ஓரிரு நொடிதான். அந்த நேரத்தில் தானாக எழுவது கை. எதிரே உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் முகத்தில் எச்சில் நேராகத் தெறிக்காமல் அது தடுக்கிறது. பெரியவர்கள் முன்னால் வாய் பொத்தி நின்று பேசிய வழக்கம் தலைமுறை தலைமுறையாக நம்மிடம் இருந்ததால், கையால் பொத்துவதே ஒழுங்கு என்ற எண்ணமும் ஆழமாக ஊன்றியிருக்கிறது. மூடாமல் தும்முவதைவிட இது மேல். அதில் ஐயமில்லை.

ஆனால் நாம் கையால் சாப்பிடுகிறவர்கள். இதை வேண்டாம் என்று சொல்ல எனக்கு இந்த ஒரு காரணமே போதும். வலது கைப் பழக்கமுள்ள குழந்தை பெரும்பாலும் வலது கையைத்தான் முகத்துக்குக் கொண்டுபோகிறது. சோறு பிசைவது, பென்சில் பிடிப்பது, குழாயைத் திறப்பது, தோழியின் விரலைக் கோத்துக்கொண்டு ஓடுவது எல்லாம் அதே கைதான். சாப்பாட்டு நேரத்தில் பக்கத்துப் பிள்ளையின் டப்பாவிலிருந்து ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொள்வதும் அந்தக் கைதான்.

இன்ஃப்ளூயன்ஸா வைரஸ் எதன் மேல் எவ்வளவு நேரம் உயிர்ப்போடு இருக்கிறது என்று 1982-இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வெளிவந்தது. எவர்சில்வர், பிளாஸ்டிக் போன்ற வழவழப்பான பொருள்களில் 24 முதல் 48 மணி நேரம். துணியிலும் காகிதத்திலும் 8 முதல் 12 மணி நேரத்துக்குள். மனிதக் கையில் சுமார் ஐந்து நிமிடம். கையில் ஐந்து நிமிடம்தானே என்று தோன்றலாம். அந்த ஐந்து நிமிடத்துக்குள் ஒரு குழந்தையின் கை எத்தனை இடத்துக்குப் போகும் என்று பாருங்கள். அது போய்ச் சேரும் இடங்களும் சாப்பாட்டுத் தட்டு, டம்ளர், தண்ணீர் பாட்டில் என்று பெரும்பாலும் எவர்சில்வரும் பிளாஸ்டிக்கும்தான். மனிதர்கள் தங்கள் முகத்தைத் தொட்டுக்கொண்டே இருக்கிறார்கள் என்பதும் அளந்து பார்க்கப்பட்டதுதான். ஆஸ்திரேலியாவில் மருத்துவ மாணவர்களைக் கவனித்து 2015-இல் வெளியான ஆய்வில், ஒருவர் மணிக்குச் சராசரியாக 23 முறை முகத்தைத் தொட்டிருந்தார். படித்த பெரியவர்களே அப்படி என்றால், பல் விழுந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருக்கும் ஆறு வயதுப் பிள்ளையை என்ன சொல்வது?

வகுப்பில் இதைப் பிள்ளைகளுக்குக் காட்ட ஒரு வழி வைத்திருக்கிறேன். கொஞ்சம் மஞ்சள் தூளைத் தேங்காய் எண்ணெயில் குழைத்து ஒரு பிள்ளையின் வலது உள்ளங்கையில் தடவிவிடுவேன். "இதுதான் கண்ணு உன் தும்மல். இப்போது போய் எப்போதும்போல விளையாடு" என்பேன். கால் மணி நேரம் கழித்துப் பார்த்தால் ஸ்லேட்டின் சட்டம், பாட்டில் மூடி, ஜன்னல் கம்பி, இரண்டு தோழிகளின் முதுகு, அவளுடைய மூக்கு நுனி என்று எங்கும் மஞ்சள். பிள்ளைகள் போட்டி போட்டுக்கொண்டு தேடுவார்கள். "டீச்சர், உங்கள் புடவையிலும் இருக்கிறது!" என்று ஒரு குரல் கட்டாயம் வரும். கை கழுவும்போது இன்னொன்றும் புரியும். வெறும் தண்ணீரில் எவ்வளவு தேய்த்தாலும் பிசுக்கு போகாது. சோப்பு போட்டால்தான் போகும். வீட்டில் செய்து பார்ப்பதானால் பழைய உடுப்பைப் போட்டுவிட்டுச் செய்யுங்கள். வெள்ளைச் சட்டையில் பட்ட மஞ்சள் லேசில் போகாது.

கைக்குட்டை

எல்.கே.ஜி. பிள்ளையின் நெஞ்சில் ஊக்கு குத்தித் தொங்கும் கைக்குட்டையைப் பார்த்தால் அந்த அம்மாவின் அக்கறை தெரிகிறது. அதைக் குறை சொல்ல மாட்டேன். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரிட்டனின் சுகாதார அமைச்சகமே, தும்மலைக் கைக்குட்டையில் பிடியுங்கள் என்று சுவரொட்டி ஒட்டி நாடு முழுவதும் பிரசாரம் செய்தது. மூக்கொழுகலுக்குக் கைக்குட்டையை விஞ்சிய ஒன்று இல்லை. அது இல்லாத பிள்ளை சட்டைக் கையில் துடைக்கும், இல்லாவிட்டால் சிந்திச் சுவரில் தடவும்.

திடீரென்று வரும் தும்மலுக்கு மட்டும் இது உதவுவதில்லை. தொங்கும் துணியைத் தேடிப் பிடித்து முகத்துக்குக் கொண்டுபோவதற்குள் தும்மல் முடிந்துவிடுகிறது. சட்டைப் பையில் மடித்து வைத்திருந்தால் இன்னும் தாமதம். ஒரே துணி ஒரு நாள் முழுக்க என்னென்ன செய்கிறது என்பது அடுத்த சிக்கல். காலையில் மூக்கைத் துடைத்த துணி, இடைவேளையில் வியர்வையைத் துடைக்கிறது. மதியம் சிந்திய சாம்பாரைத் துடைக்கிறது. பிறகு ஸ்லேட்டில் எச்சில் தொட்டு எழுத்தை அழிக்கவும் அதுவேதான். மாலையில் ஈரத்தோடு சுருண்டு பைக்குள் போகிறது. மறுநாள் அதே துணி ஊக்கோடு திரும்பி வருவதையும் பார்த்திருக்கிறேன்.

இந்த இடத்தில் முந்தானையைப் பற்றியும் சொல்ல வேண்டும். குழந்தையின் மூக்கை முந்தானையால் துடைத்துவிட்டு, அதே முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு, அதே கையால் ஊட்டுவது நம் வீடுகளில் மிகச் சாதாரணம். தாத்தாவின் தோள் துண்டும் அப்படித்தான். வியர்வை, வாய், மூக்கு, உட்காரும் திண்ணை எல்லாவற்றுக்கும் அந்த ஒரு துண்டு. அன்பில் செய்வதுதான், ஆனால் வீட்டில் கைக்குழந்தை இருந்தால் இதை நிறுத்தியே ஆக வேண்டும்.

ஆகவே கைக்குட்டையை நான் ஒரே ஒரு வேலைக்குத்தான் வைத்துக்கொள்ளச் சொல்வேன்: ஒழுகும் மூக்கைத் துடைக்க, சிந்த. வேறு எதற்கும் வேண்டாம். சளி இருக்கும் நாள்களில் இரண்டு கொடுத்து அனுப்புங்கள், வேறு வேறு நிறத்தில். பழைய வேட்டியைச் சதுரமாகக் கிழித்து ஓரம் தைத்தால் கடைக் கைக்குட்டையைவிட மென்மையாக இருக்கும். சிவந்துபோன மூக்கு எரியாது. மாலையில் வந்ததும் சோப்பு போட்டு அலசி வெயிலில் காயப்போட வேண்டும். மழைக்காலத்தில் வெயில் இல்லை என்றால் இஸ்திரி போட்டுவிடலாம்.

மூக்கைச் சிந்துவதும் சொல்லிக் கொடுக்க வேண்டிய வித்தைதான். இரண்டு வயதுக் குழந்தைக்கு அது பெரும்பாலும் வராது. மூன்று, நான்கு வயதில் ஒரு துண்டுக் காகிதத்தை மேசையில் வைத்து, வாயை மூடிக்கொண்டு மூக்குக் காற்றால் அதைத் தள்ளச் சொன்னால் விளையாட்டாகக் கற்றுக்கொள்ளும். பிறகு ஒரு நாசியை அழுத்தி மறு நாசியால் மெதுவாகச் சிந்தப் பழக்குங்கள். இரண்டையும் சேர்த்து அழுத்திப் பலமாகச் சிந்தினால் சளி காதுப் பக்கம் தள்ளப்பட்டு வலி எடுக்கும்.

டிஷ்யூ

சுத்தம் என்று பார்த்தால் ஒரு முறை துடைத்து எறிகிற காகிதத்துக்கு ஈடில்லை. எறிய மூடியுள்ள குப்பைத் தொட்டி பக்கத்திலேயே இருக்க வேண்டும், பெட்டி தீர்ந்தால் மறுபடி வாங்க வீட்டில் பணம் இருக்க வேண்டும். நாற்பது பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் இரண்டும் நடக்காது. நடந்தாலும், துடைத்த காகிதத்தை மேசைக்கு அடியில் போட்டுவிடும் வயது அது. காரில் போகும்போதும் மருத்துவமனையில் காத்திருக்கும்போதும் வைத்துக்கொள்ளுங்கள். பழக்கத்தை இதன் மேல் கட்ட வேண்டாம்.

முழங்கையும் மேல்கையும்

2003-இல் சார்ஸ் நோய் பரவியபோதும், 2009-இல் பன்றிக் காய்ச்சலின் போதும் இந்த வழி உலகெங்கும் பேசப்பட்டது. 2020-இல் உலகச் சுகாதார நிறுவனம் சொல்லிச் சொல்லி நம் ஊர்ச் சுவர்களிலும் ஏறியது. கையை மடக்கி, முழங்கையின் உள்மடிப்பில் முகத்தைப் புதைத்துத் தும்முவது. முழங்கை எப்போதும் குழந்தையோடு இருக்கிறது. மறந்து வைத்துவிட்டு வர முடியாது. தும்மல் வரும் அந்த ஒரு நொடியில் முகத்துக்குப் போய்விடும். சோறு பிசைவதும் பென்சில் பிடிப்பதும் முழங்கை அல்ல. முதலில் பழக்க வேண்டியது இதுதான் என்பது என் முடிவு.

ஆனால் சுவரொட்டியில் உள்ளபடியே பழக்கினால் நம் பிள்ளைகளுக்குப் பொருந்தாது. அந்தப் படத்தில் இருக்கும் குழந்தை முழுக்கைச் சட்டை போட்டிருக்கிறது. குளிர் நாட்டுக்கு அது சரி. தும்மல் துணிக்குள் போய் அங்கேயே காய்ந்துவிடும். நம் பள்ளிச் சீருடை அரைக்கை. ஊட்டியிலும் கொடைக்கானலிலும் ஸ்வெட்டர் போட்ட பிள்ளைகளை விட்டுவிட்டால், தமிழ்நாட்டில் முழங்கை என்பது வெறும் தோல்தான். தும்மிய ஈரம் தோலிலேயே வழியும்.

தங்கையைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கும் எட்டு வயது அக்காவைக் கவனித்திருக்கிறீர்களா? கைக்குழந்தையின் தலை அந்த அக்காவின் முழங்கை மடிப்பில்தான் சாய்ந்திருக்கும். அம்மா சமையல் முடிக்கும்வரை பாப்பாவைப் பார்த்துக்கொள்வது பல வீடுகளில் மூத்த குழந்தைதான். சளி பிடித்த அந்தக் குழந்தை முழங்கையில் தும்மிவிட்டுப் பாப்பாவைத் தூக்கினால், நாம் சொல்லிக் கொடுத்த நல்ல பழக்கமே பாப்பாவின் முகத்துக்கு நேராகக் கிருமியைக் கொண்டுபோய்ச் சேர்க்கும். கக்குவான் இருமலுக்கான முதல் தடுப்பூசி போடுவதே ஆறாவது வாரத்தில்தான். அதற்கு முந்தைய நாள்களில் வீட்டிலுள்ளவர்களின் கவனம்தான் சிசுவுக்குக் காவல்.

அதனால் நான் கொஞ்சம் மாற்றிச் சொல்லித் தருகிறேன். முழங்கைக்கு மேலே, அரைக்கைச் சட்டையின் துணி இருக்கும் இடத்தில், தோளை ஒட்டி முகத்தைப் புதைக்க வேண்டும். பிள்ளைகளின் கழுத்து நம்முடையதைவிட நன்றாக வளையும். கையைச் சற்றுத் தூக்கித் தலையைத் திருப்பினால் மூக்கு துணியைத் தொட்டுவிடும். இரண்டாவது மாற்றம், எப்போதும் ஒரே கை. வலது கைப் பழக்கமுள்ள பிள்ளைக்கு இடது கை, இடது கைப் பழக்கமுள்ள பிள்ளைக்கு வலது கை. சாப்பிடுகிற கை ஒரு பக்கம், தும்முகிற கை மறு பக்கம் என்று பிரித்துவிட்டால் குழந்தைக்குக் குழப்பமே இல்லை. நம் வீடுகளில் எந்தக் கையால் எதைச் செய்வது என்பது ஏற்கெனவே ஊறிய விஷயம். அதன் மேலேயே இதையும் ஏற்றிவிடலாம். பாப்பாவைத் தூக்குவதற்கு முன் மட்டும் முழங்கை வரை சோப்பு போட்டுக் கழுவி, சட்டையையும் மாற்ற வேண்டும்.

இந்த வழி எல்லாவற்றையும் தடுத்துவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். முழங்கை, கை, டிஷ்யூ, முகக்கவசம் எல்லாவற்றையும் வைத்துக் கனடாவில் ஓர் ஆய்வு நடத்தி 2013-இல் வெளியிட்டார்கள். எதுவுமே நுண்ணிய துளிகளை முழுமையாக நிறுத்தவில்லை. பெரிய துளிகள் துணியில் சிக்குகின்றன; மிகச் சிறியவை ஓரங்களில் கசிந்து காற்றில் மிதக்கின்றன. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் லிடியா புரூயிபா, தும்மலை அதிவேகக் கேமராவில் படமெடுத்துப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். தும்மலோடு வெளிவரும் ஈரக்காற்றுத் திரள் 7, 8 மீட்டர் வரை போகக்கூடும் என்று 2020-இல் எழுதினார். நம் வகுப்பறைகள் பலவற்றின் நீளமே அவ்வளவுதான். தட்டம்மைக் கிருமியோ, நோயுள்ளவர் வெளியேறிய பிறகும் அறைக் காற்றில் இரண்டு மணி நேரம் வரை இருக்கும். ஆகவே, குழந்தை தோளில் முகம் புதைக்கப் பழகிவிட்டது என்பதற்காக ஜன்னலைச் சாத்தி வைக்காதீர்கள். சாரல் அடிக்காத பக்கத்து ஜன்னலையாவது திறந்து வையுங்கள். குளிரூட்டிய வகுப்பறையில் பிள்ளையைச் சேர்த்திருப்பவர்கள் இடைவேளையிலாவது அறையைத் திறந்து வைக்கிறார்களா என்று பள்ளியில் கேளுங்கள். கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

முகக்கவசம்

ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளைக் கட்டாயப்படுத்த வேண்டாம் என்று உலகச் சுகாதார நிறுவனமும் யூனிசெஃபும் 2020 ஆகஸ்டிலேயே சொல்லிவிட்டன. ஆறு முதல் பதினொன்று வரை சூழ்நிலையைப் பொறுத்து. பன்னிரண்டு வயது முதல் பெரியவர்களுக்கு உள்ள அதே விதி. இன்றைக்கும் அந்தப் பிரிவு எனக்குச் சரியாகவே படுகிறது. சின்னப் பிள்ளை கவசத்தைத் தாடையில் இறக்கிவிட்டுக்கொண்டு, நொடிக்கொரு முறை அதைத் தொட்டுக்கொண்டிருக்கும். பெரிய பிள்ளைகள் இருமலோடு பேருந்தில் போகும்போதும், மருத்துவமனைக்குப் போகும்போதும், புற்றுநோய் மருத்துவம் பெறும் உறவினரைப் பார்க்கப் போகும்போதும் போட்டுக்கொள்வது நல்லது. அன்றாடப் பழக்கமாக இதை வைக்க முடியாது.

சோப்பா, சானிடைசரா?

மூடிய பிறகு கழுவ வேண்டும். எதைக் கொண்டு என்பது அடுத்த கேள்வி. பையில் தொங்கும் குட்டி சானிடைசர் பாட்டில் பிள்ளைகளுக்குப் பிடிக்கிறது. வாசனையும் நிறமும் இழுக்கின்றன. அந்த வாசனைதான் எனக்குப் பயம். ஆல்கஹால் 60 சதவீதத்துக்குக் குறையாமல் இருந்தால்தான் அது வேலை செய்யும். அவ்வளவு ஆல்கஹால் உள்ள ஒன்றை ஐந்து வயதுக் குழந்தையின் பையில் யாரும் பார்க்காமல் விடக் கூடாது, வாயில் வைத்துவிடும். கையில் மண்ணும் சளியும் அப்பியிருந்தால் சானிடைசர் சரியாக வேலையும் செய்வதில்லை. வயிற்றுப்போக்கை உண்டாக்கும் சில வைரஸ்கள் அதற்கு அவ்வளவாக அசைந்து கொடுப்பதுமில்லை.

சோப்பு பக்கம் வலுவான சான்று இருக்கிறது. கராச்சியின் ஏழைக் குடியிருப்புகளில், வாரந்தோறும் வீடுகளுக்குச் சென்று கை கழுவுவதை வலியுறுத்தி, சோப்பும் கொடுத்து ஓர் ஆய்வு நடந்தது. முடிவு 2005-இல் வெளிவந்தது. சோப்பு போட்டுக் கழுவிய வீடுகளில் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு நிமோனியா பாதியாகக் குறைந்திருந்தது. கிருமிநாசினி கலந்த சோப்புக்கும் சாதாரண சோப்புக்கும் வித்தியாசமே இல்லை. விளம்பரத்தில் 99.9 என்று காட்டும் விலை உயர்ந்த சோப்பு வேண்டாம். வீட்டில் இருக்கும் சோப்பே போதும். இருபது நொடி தேய்க்க வேண்டும், அவ்வளவுதான். விரல் இடுக்கு, கட்டை விரல், நகக்கண் இந்த மூன்றையும்தான் பிள்ளைகள் விட்டுவிடுகிறார்கள்.

அரசுப் பள்ளிகளில் இதற்கு ஒரு நல்ல வாய்ப்பு அமைந்திருக்கிறது. மதிய உணவு முன்பே இருந்தது. 2022 செப்டம்பரில் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவுத் திட்டமும் வந்தது. ஆக நாளைக்கு இரண்டு வேளை, எல்லாப் பிள்ளைகளும் ஒரே நேரத்தில் சாப்பிட உட்காருகிறார்கள். கை கழுவுவதற்குத் தனியாக நேரம் ஒதுக்க வேண்டியதே இல்லை. தட்டை எடுக்கும் முன் குழாயடிக்குப் போக வேண்டும் என்று ஒரு வரிசை அமைத்தால் போதும். சோப்பு மண்ணில் விழுந்து கரைகிறது, காணாமல் போகிறது என்பார்கள். வெங்காயம் வாங்கி வந்த வலைப் பையில் சோப்பைப் போட்டுக் குழாயில் கட்டித் தொங்கவிடுங்கள். விழாது, தண்ணீரில் ஊறாது, பிள்ளைகளும் இழுத்து இழுத்து ஆர்வமாகத் தேய்ப்பார்கள். பழைய பிளாஸ்டிக் பாட்டிலின் மூடியில் ஓட்டை போட்டுச் சோப்புக் கரைசல் ஊற்றி வைப்பதும் நன்றாகவே நடக்கிறது.

எப்படிப் பழக்குவது

திட்டிப் பழக்குவது ஒரு வழி, பயமுறுத்திப் பழக்குவது இன்னொரு வழி, விளையாட்டில் பழக்குவது மூன்றாவது. முதல் இரண்டும் நம்மிடம் ஏராளம். "உன்னால்தான் எல்லோருக்கும் சளி" என்று ஒரு பிள்ளையை எழுப்பி நிறுத்தினால், அது தும்மலை அடக்கத்தான் கற்றுக்கொள்ளும். மூக்கையும் வாயையும் இறுக மூடித் தும்மலை அடக்கிய ஒருவருக்குத் தொண்டையின் உட்பகுதியே கிழிந்துபோனதைப் பிரிட்டன் மருத்துவர்கள் 2018-இல் பதிவு செய்திருக்கிறார்கள். அரிதான நிகழ்வுதான். ஆனாலும் தும்மலை அடக்கச் சொல்லும் எந்தப் பேச்சும் குழந்தையிடம் வேண்டாம். இளைப்பு, ஒவ்வாமை உள்ள பிள்ளைகள் மாதக்கணக்கில் இருமுவார்கள்; அந்த இருமல் யாருக்கும் தொற்றாது. கொரோனாவுக்குப் பிறகு அப்படிப்பட்ட பிள்ளைகளின் பக்கத்தில் மற்றவர்கள் உட்கார மறுத்ததைக் கண்ணால் பார்த்து நொந்திருக்கிறேன்.

மூன்று வயதில் நான் சொல்வது கோழி விளையாட்டு. மழையில் கோழி இறக்கைக்குள் தலையைச் செருகிக்கொள்வதைக் குழந்தைகள் பார்த்திருக்கிறார்கள். "கோழி தூங்குகிறது!" என்றால் எல்லோரும் அவரவர் தும்முகிற கையைத் தூக்கி முகத்தைப் புதைக்க வேண்டும். தும்மல் இல்லாதபோதே இதைப் பல முறை விளையாட வேண்டும். தும்மல் வந்த பிறகு சொல்லித் தருவது வீண். ஆறு, ஏழு வயதில் காரணம் கேட்பார்கள். அப்போது கரும்பலகையில் தண்ணீர் தெளிப்பானை ஒரு முறை அப்படியே அடித்துக் காட்டுவேன், மறுமுறை துணியை வைத்து மறைத்து அடித்துக் காட்டுவேன். பலகையில் ஈரம் பரவும் வித்தியாசத்தைப் பார்த்த பிள்ளைக்கு வேறு விளக்கம் தேவைப்படாது. பத்து வயதுக்குப் பிறகு தம்பி, தங்கைக்குச் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பைக் கொடுத்துவிடுங்கள்.

குழந்தை தும்மியதும் "நூறாயுசு" என்று வாழ்த்தும் பாட்டி எல்லா வீட்டிலும் இருக்கிறார். அந்த வழக்கத்தை விடவே வேண்டாம். முகத்தைத் தோளில் புதைத்துத் தும்மினால் மட்டும் "நூறாயுசு", இல்லாவிட்டால் "எங்கே உன் கோழி?" என்று பாட்டியைக் கேட்கச் சொல்லுங்கள். ஒரே வாரத்தில் வித்தியாசம் தெரியும், ஏனென்றால் தும்மிய அதே கணத்தில் கவனிப்பவர் பாட்டிதான். அப்பா பேருந்து ஜன்னல் வழியாகக் காறித் துப்பிக்கொண்டிருந்தால் இவையெல்லாம் பலிக்காது. பிள்ளை நம் வாய்ச்சொல்லைவிட நம் கையைத்தான் பார்க்கிறது.

பள்ளிக்கா, வீட்டிலா?

கடைசியாக ஒரு முடிவு பெற்றோரிடம் இருக்கிறது. வெறும் மூக்கொழுகல், காய்ச்சல் இல்லை, சாப்பிடுகிறது, விளையாடுகிறது என்றால் இரண்டு கைக்குட்டையோடு அனுப்பலாம். காய்ச்சல் இருந்தால், இருமி இருமி வாந்தி எடுத்தால், துவண்டு கிடந்தால் அனுப்பக் கூடாது. கூலி வேலைக்குப் போகும் தாய்க்கு ஒரு நாள் வீட்டில் இருப்பது ஒரு நாள் கூலி என்பது எனக்குத் தெரியும். அதனால் அவரைக் குற்றம் சொல்ல என் நாக்கு எழாது. ஆனால் ஒரு நாள்கூட விடுப்பு எடுக்காத பிள்ளைக்குப் பரிசு கொடுக்கும் பள்ளிகளைச் சொல்லுவேன். காய்ச்சலோடு ஒரு குழந்தையை வகுப்புக்கு இழுத்து வருவது அந்தப் பரிசுதான். அதை நிறுத்தினால் எந்தச் சுவரொட்டியும் செய்யாத வேலையை அது செய்யும்.

இருமல் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தாலோ, எடை குறைந்தாலோ வீட்டு வைத்தியத்தில் நாளைக் கடத்தாமல் ஆரம்பச் சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போங்கள். காசநோய்ப் பரிசோதனையும் மருந்தும் அரசில் இலவசம். சிறு குழந்தைக்குக் காசநோய் இருந்தால் அது பெரும்பாலும் வீட்டிலுள்ள ஒரு பெரியவரிடமிருந்து வந்ததாகத்தான் இருக்கும். ஆகவே போகும்போது, வீட்டில் வெகு நாளாக இருமிக்கொண்டிருக்கும் தாத்தாவோ மாமாவோ இருந்தால் அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.